பொருந்தாத பார்டர்: பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குவில்ட் எனும் மூன்றடுக்குப் பஞ்சுப் போர்வை தைப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து செய்யும் 'ரவுண்ட் ராபின்' என்றொரு வழக்கம் உண்டு. ஆறு பேர் சேர்ந்தால், ஆளுக்கொரு நடுத்துண்டைத் தைத்து அடுத்தவரிடம் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு பார்டர் வைத்துத் தைத்து, தனக்கு அடுத்தவருக்கு அனுப்புவார். மாதக்கணக்கில் இப்படிச் சுற்றிவிட்டு, ஐந்து பேருடைய பார்டர்களோடு அந்த மேல்துணி சொந்தக்காரரிடமே திரும்பும். அப்படி வந்த துணியை விரித்துப் பார்க்கும்போது, ஏதாவது ஒரு பார்டர் கண்ணை உறுத்துவது அடிக்கடி நடக்கிறது. ஒரு பக்கம் அலை அலையாக எழும்பி நிற்கும். மூலையில் வடிவம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். நிறம் மற்றவற்றோடு சேராமல் தனியாகக் கத்தும். உடனே அதைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. கோளாறு பார்டருக்குள் இருப்பது குறைவு. பார்டரும் அதற்கு உள்ளே இருக்கும் துணியும் சேருகிற அந்த ஒரு தையலில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. அங்கே கைவைத்தால் போதும். மற்றவர் உழைப்பு அப்படியே நிற்கும்.

பல கைகள் சேர்ந்து தைப்பதில் ரசனை வேறுபட்டால் குவில்ட் கெடுவதில்லை, அளவு வேறுபட்டால்தான் கெடுகிறது. இதற்கு நம் காலத்தின் பெரிய சாட்சி, 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுக் குவில்ட். இறந்துபோன ஒவ்வொருவருக்கும் அவரை நேசித்தவர்கள் ஒரு துண்டு தைத்தார்கள். ஒருவர் பழைய ஜீன்ஸைத் தைத்தார், இன்னொருவர் பெயரை வண்ணத்தால் எழுதினார், வேறொருவர் பொம்மையையே வைத்துத் தைத்தார். துணி, நிறம், தையல் திறமை எதிலும் கட்டுப்பாடு இல்லை. அளவு மட்டும் மாறாதது: 3 அடிக்கு 6 அடி. அப்படி எட்டுத் துண்டுகள் சேர்ந்தால் 12 அடிச் சதுரம் ஒன்று கிடைக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதல்முறை விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் ஒன்றாக அமர்ந்தன. அங்கே துண்டுகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன, ரவுண்ட் ராபினில் ஒன்றைச் சுற்றி ஒன்று வருகிறது, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வேறுபாடு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. நினைவுக் குவில்ட்டில் எல்லாருக்கும் ஒரே அளவு முன்கூட்டியே தெரியும். ரவுண்ட் ராபினில் ஒவ்வொரு சுற்றிலும் அளவு மாறுகிறது. முதலாமவர் விட்ட சிறு பிழையை இரண்டாமவர் சுமந்து, தன் பிழையையும் சேர்த்து மூன்றாமவரிடம் தருகிறார். நான்காவது பார்டர் பொருந்தவில்லை என்றால், அதைத் தைத்தவர் மட்டுமே அதற்குப் பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. துணியை முதலில் இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து அழுத்த வேண்டும். தேய்த்து இழுத்தால் ஓரம் நீண்டு, எடுக்கும் அளவே பொய்யாகிவிடும். அடர் சிவப்போ கருநீலமோ இருந்தால், இஸ்திரிக்கும் முன்பே நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டுகிறது என்றால் நீராவி படக்கூடாது. பிறகு தரையிலோ பெரிய மேசையிலோ விரித்து, இழுக்காமல் கையால் தடவிச் சமப்படுத்துங்கள். பொருந்தாத பார்டருக்கு உள்ளே இருக்கும் பகுதியை மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: மேல் ஓரம், நட்ட நடு, கீழ் ஓரம். அதேபோல் நெட்டுவாக்கில் மூன்று. கடைசியாக மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு. எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பார்டரின் நீளத்தைத் தனியே அளந்து பக்கத்தில் குறியுங்கள். இனி அந்தத் தாளே நோயைச் சொல்லிவிடும். நடுவைவிட ஓரங்கள் அதிகமாக இருந்தால் அலை எழுவதற்குக் காரணம் அதுதான். ஓரங்களும் நடுவும் ஒன்றாக இருந்து பார்டர் நீளம் மட்டும் வேறாக இருந்தால், கணக்கு இடிக்கிறது. குறுக்களவு இரண்டும் வேறு வேறு என்றால் சதுரம் சாய்ந்திருக்கிறது. பார்டர் எவ்வளவு நேராக இருந்தாலும் மூலை சேராது. எல்லாம் சரியாக இருந்தும் உறுத்துகிறது என்றால் அது நிறத்தின் வேலை.

கணக்கு எப்படி இடிக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. குவில்ட் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்காகக் கால் இன்ச் விடுவது வழக்கம். தைத்த பிறகு 3 இன்ச் வரவேண்டிய கட்டத்தை மூன்றரை இன்ச்சாக வெட்ட வேண்டும். ஏழு கட்டங்களை வரிசையாக இணைத்தால் இடையில் ஆறு தையல்கள். கால் இன்ச் சரியாக விட்டால் வரிசை 21½ இன்ச் வரும், இருபுறமும் சேரும் தையல் போக 21. ஒருவருடைய மெஷினில் அந்தக் கால் இன்ச் 1/16 இன்ச் மட்டும் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கண்ணுக்கு எட்டாத அளவு. ஒவ்வொரு தையலும் இரண்டு துணியிலிருந்தும் எடுப்பதால் தையலுக்கு 1/8 இன்ச் போகிறது. ஆறு தையலில் முக்கால் இன்ச் காணாமல் போய்விட்டது. இன்னொருவர் அதே கணக்கில் நூலிழை குறைவாக விட்டால் வரிசை நீண்டுவிடும். இருவரும் நல்ல தையல்காரர்கள், இருவரும் அவரவர் மெஷினை நம்பித்தான் தைத்தார்கள். ஆனால் இருவருடைய வேலையும் ஒரே துணியில் சந்திக்கும்போது ஒன்றோடு ஒன்று மோதுகிறது.

இதைவிட அடிக்கடி வருவது வகுபடாத எண். நடுத்துண்டு 16 இன்ச், முதல் பார்டர் பக்கத்துக்கு 2 இன்ச். ஆக 20 இன்ச் சதுரம். அடுத்தவர் 3 இன்ச் கட்டங்களால் பார்டர் வைக்க விரும்புகிறார். 20 மூன்றால் வகுபடாது. ஆறு கட்டம் வைத்தால் 18, ஏழு வைத்தால் 21. அவர் ஏழு கட்டங்களைத் தைத்து, கூடிவரும் ஒரு இன்ச்சைச் சுருக்கிச் சுருக்கி எப்படியோ பொருத்திவிட்டார். பார்டர் எழும்பி நிற்கிறது. இதற்கான மருந்து, குவில்ட் தைப்பவர்கள் காலங்காலமாகக் கையாளும் ஒரு மெல்லிய இடைப்பட்டை. உள்சதுரத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு அரை இன்ச் அகலத்தில் வெறும் துணிப்பட்டை ஒன்று வைத்தால் 20 இன்ச் 21 ஆகிவிடும். ஏழு கட்டங்களும் சுருக்கமின்றி உட்காரும். கணக்கை எப்போதும் இப்படிப் போடுங்கள்: பார்டரின் தைத்த நீளத்திலிருந்து உள்சதுரத்தின் தைத்த நீளத்தைக் கழித்து, வருவதைப் பாதியாக்கினால் இடைப்பட்டையின் தைத்த அகலம், அதோடு அரை இன்ச் கூட்டினால் வெட்ட வேண்டிய அகலம். இங்கே வித்தியாசம் 1 இன்ச், பாதி அரை இன்ச், வெட்ட வேண்டியது ஒரு இன்ச் அகலப் பட்டை.

செய்யும் முறையில் அவசரம் கூடாது. பார்டரின் நான்கு பக்கத்துக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று எழுதிய தாள் துண்டுகளைக் குண்டூசியால் குத்திவையுங்கள். நான்கும் ஒன்றுபோல் தெரிந்தாலும் தைத்தபின் ஒன்றுக்கொன்று நூலளவு வேறுபடும். பெரும்பாலும் இட வலப் பட்டைகளை முதலில் தைத்துவிட்டு மேல் கீழ்ப் பட்டைகளைப் பிறகு வைத்திருப்பார்கள். கடைசியாகத் தைத்ததை முதலில் பிரிக்க வேண்டும். தையல் பிரிப்பானால் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை நூலை வெட்டிக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் நீளமாக உருவிக்கொண்டு வரும். இரண்டு துணியையும் இரு கையில் பிடித்து விலக்கிப் பிளக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அது ஓரத்தை நீட்டிவிடும், வேண்டாம். கட்டங்களுக்கு இடையிலான எந்தத் தையலையும் தொட வேண்டியதில்லை. பிரித்தபின் உள்சதுரம் ஓரத்துக்கு ஓரம் 20½ இன்ச் இருக்க வேண்டும். ஒரு இன்ச் அகலப் பட்டைகள் இரண்டை 20½ இன்ச் நீளத்தில் வெட்டி இடமும் வலமும் தைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு 21½ இன்ச் நீளத்தில் இரண்டை மேலும் கீழும் தையுங்கள். இப்போது சதுரம் 21½. ஏழு கட்டப் பட்டைகள் இரண்டும் இட வலத்தில் கச்சிதமாக அமரும். அவை அமர்ந்தபின் அகலம் 27½ ஆகும். மூலைக் கட்டங்களோடு ஒன்பது கட்டம் கொண்ட மேல் கீழ்ப் பட்டைகளின் நீளமும் அதுவே. பட்டையைப் பாவு நூல் போகும் திசையில் வெட்டுங்கள். அந்தத் திசையில் துணி இழுபடாது. ஊடு நூல் திசையில் கொஞ்சம் இழுபடும், கிராஸாக வெட்டினால் ரப்பர் போல நீளும்.

பார்டர் குட்டையாகவும் உள்சதுரம் பெரியதாகவும் இருந்தால் இடைப்பட்டை உதவாது. உள்சதுரத்தை வெட்டிச் சிறிதாக்கவும் கூடாது, வடிவங்களின் கூர்முனைகள் போய்விடும். அப்போது பார்டருக்குள்ளேதான் நீளம் தேட வேண்டும். மேலே சொன்ன முக்கால் இன்ச் குறைவு என்றால், ஆறு தையலையும் 1/16 இன்ச் வெளியே தள்ளித் தைத்தாலே கணக்கு நேராகிவிடும். குறைவு அதைவிடப் பெரியது என்றால், பட்டையின் இரு முனையிலும் மூலைக்கட்டத்தை ஒட்டி ஒரே அளவில் ஒரு சிறு துண்டைச் சேருங்கள். நான்கு மூலையிலும் அது ஒன்றுபோல வருவதால் பார்ப்பவர் அதையும் வடிவத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்வார். ஒரே பக்கத்தில் நடுவில் மட்டும் சேர்த்தால்தான் ஒட்டுப்போட்டது தெரியும்.

அலை எழும் பார்டருக்கு வேறு காரணம். நீளமான பட்டையை அளக்காமலே ஓரத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போய் முடிவில் மிச்சத்தை வெட்டிவிடுவது வேகமான வழி; கேட்டின் வழியும் அதுதான். துணியின் வெளி ஓரம் கைபட்டு, இழுபட்டு, நடுவைவிட நீண்டிருக்கும். அந்த நீண்ட ஓரத்தின் அளவுக்குப் பார்டர் வைத்தால் அலை நிரந்தரமாகிவிடுகிறது. நட்ட நடுவில் எடுத்த அளவுதான் உண்மையான அளவு. பார்டரைப் பிரித்து, அந்த அளவுக்கு வெட்டி, பார்டரையும் உள்துணியின் ஓரத்தையும் பாதியாகவும் கால்பாகமாகவும் மடித்துக் குறி வையுங்கள். குறிகளைப் பொருத்திக் குண்டூசி குத்தி, இடையில் மிஞ்சும் தளர்ச்சியைச் சமமாகப் பரப்பி மேலும் ஊசிகள் குத்துங்கள். மெஷினில் வைக்கும்போது தளர்ந்திருக்கும் துணி அடியில் இருக்க வேண்டும். அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியைச் சற்று வேகமாக இழுக்கும். கூடுதல் நீளம் சுருக்கமின்றி உள்ளே போய்விடும். இந்த முறையில் ஒரு கெஜத்துக்குக் கால் இன்ச் வரை சிரமமில்லாமல் ஒடுக்கலாம். அதற்கு மேல் ஒடுக்கப் பார்த்தால் கொசுவம் விழும்.

அலை இருந்தால் இருக்கட்டும், நடுவில் பஞ்சு வைத்து மேலே குவில்ட்டிங் தையல் போடும்போது அமுங்கிவிடும் என்று சிலர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பருமனான பஞ்சு சிறு தளர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும். நீராவி இஸ்திரியும் கொஞ்சம் அடக்கும். எவ்வளவு அடங்கும் என்று தெரிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. துணியைத் தரையில் விரித்து அலையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். அது கரைந்துபோனால் விட்டுவிடலாம். ஓரிடத்தில் அழுத்த இன்னோரிடத்தில் எழும்பினால், அந்தத் துணி எங்கும் போகப்போவதில்லை. குவில்ட்டிங் தையலில் மடிப்பாகக் குத்துப்பட்டு என்றைக்கும் அப்படியே நிற்கும். மூன்று அடுக்கும் சேர்ந்துவிட்ட பிறகு அதைச் சரிசெய்வது இப்போது ஒரு தையலைப் பிரிப்பதைவிடப் பல மடங்கு வேலை.

நிறத்துக்கு வருவோம். நிறம் பொருந்தவில்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அந்த நிறம் எவ்வளவு வெளிறியது, எவ்வளவு இருண்டது என்பதைப் பொறுத்தது. கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தால் உடனே தெரியும். மங்கலான நடுத்துண்டைச் சுற்றி வெள்ளைவெளேரென்று ஒரு பார்டர் நின்றால், கண் முதலில் அங்கேதான் ஓடும். அந்தப் பார்டருக்கு உட்பக்கம், நடுத்துண்டில் உள்ள மிக அடர்ந்த நிறத்தில் அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச் வரை ஒரு பட்டை வைத்தால் கண் அங்கே நின்று உள்ளே திரும்பும். ஆனால் ஒன்று: கட்டங்களால் ஆன பார்டருக்கு உள்ளே இந்தப் பட்டையைச் சேர்த்தால் நீளக் கணக்கு மாறிவிடும், அளவும் நிறமும் ஒரே பட்டையில் தீருமாறு அகலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் வெளிப்புறத்தில் வேலை செய்யுங்கள். தனித்து நிற்கும் நிறத்தை அடுத்த பார்டரில் சிறு துண்டுகளாக மீண்டும் கொண்டுவந்து, கூடவே நடுத்துண்டின் நிறம் ஒன்றையும் சேர்த்தால், இடையில் அகப்பட்ட பார்டர் இரண்டுக்கும் பாலமாகிவிடும். மூலைகளில் கொடியோ இலையோ வெட்டி, தையல் கோட்டைத் தாண்டி இரு பார்டரிலும் படியுமாறு மேலே வைத்துக் கைத்தையல் போடுவதும் நல்ல வழி. இரண்டு மூலையில் மட்டும் செய்தாலும் எடுக்கும். மேல்துணி முழுவதையும் தேயிலைச் சாற்றில் முக்கி நிறத்தைச் சமன் செய்யலாம் என்ற யோசனையை ஏற்க வேண்டாம். அது எல்லாருடைய துணியையும் மாற்றிவிடும்; தேயிலைத் துவர்ப்பு நாளடைவில் பருத்தி இழையை நலிய வைக்கும்.

இடைப்பட்டை வைப்பது கோளாறை மறைக்கும் ஒட்டுவேலை, பார்த்தாலே தெரிந்துவிடும் என்றொரு எதிர்ப்பு உண்டு. இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்தில் எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஜேன், அவர் அக்கா கசாண்ட்ரா, அவர்கள் தாயார் மூவரும் சேர்ந்து தைத்த விரிப்பு அங்கே உள்ளது. 1811-இல் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்கான துணித்துண்டுகளைப் பற்றி ஜேன் கேட்டிருக்கிறார். நடுவில் பூக்கூடை, சுற்றிலும் விதவிதமான அச்சுத் துணிகளில் வெட்டிய சாய்சதுரங்கள், ஓரத்தில் அதைவிடச் சிறிய சாய்சதுரங்களால் ஒரு பார்டர். இத்தனை வகைத் துணிகளும் கலவரமாகத் தெரியாததற்குக் காரணம், சாய்சதுரங்களுக்கு இடையே ஓடும் மெல்லிய பட்டைகள். இடைப்பட்டை அங்கே வடிவமைப்பின் எலும்பாகவே இருக்கிறது. ஒரே துணியில், நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் வைத்தால் உங்கள் குவில்ட்டிலும் அதே வேலையைச் செய்யும். கையில் கிடைத்த இரண்டு மூன்று துணிகளைக் கலந்து வைத்தால்தான் ஒட்டுப்போல் தெரியும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் பார்டரை எடுத்துவிட்டு நமக்குப் பிடித்ததை வைத்தால் என்ன, சொந்தக்காரருக்கு அந்த உரிமை இல்லையா? உரிமை இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு: துவைக்கத் துவைக்கச் சாயம் போகும் துணி, நலிந்து கிழியத் தொடங்கிய துணி, மற்ற எல்லாம் பருத்தியாக இருக்கும்போது அதோடு சேர்ந்து சுருங்காத செயற்கை இழைத் துணி. இவை குவில்ட்டின் ஆயுளைக் குறைக்கும். தயங்காமல் எடுத்துவிடலாம், தைத்தவரிடம் சொல்லிவிட்டு. பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணம் என்றால் எடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். அமெரிக்காவில் 1840-களில் நட்புக் குவில்ட்டுகள் பரவலாயின. தைத்தவர்கள் தங்கள் தங்கள் கட்டத்தில் மையால் கையெழுத்திட்டார்கள். அவற்றை இன்று அருங்காட்சியகங்களில் வைத்துப் போற்றுவதற்குக் காரணம் அந்தப் பல கைகள்தான். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்டுகளில், நடுச்சதுரத்தைச் சுற்றி வளரும் பட்டைகள் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகியும் வருவதுண்டு. அவை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்து, பிறகு நியூயார்க்குக்கும் சென்றன. எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல் இல்லாததை அங்கே யாரும் பிழையாகப் பார்க்கவில்லை. துணி தட்டையாகக் கிடக்க வேண்டும், தையல் உறுதியாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கறாராகக் கேளுங்கள், ரசனையில் விட்டுக்கொடுங்கள்.

சரிசெய்யத் தொடங்கும் முன் இருக்கிற நிலையில் ஒரு படம் எடுத்து, பார்டர் தைத்தவருக்கு அனுப்பி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பட்டைக்கு அதே துணியில் மிச்சம் அவரிடமே இருக்கலாம். குவில்ட் முடிந்ததும் பின்பக்கம் ஒரு துணிச்சீட்டு தைத்து, நடுத்துண்டு முதல் கடைசி பார்டர் வரை யார் யார் தைத்தது என்று சாயம் போகாத மையால் எழுதி, ஆண்டையும் போடுங்கள். அடுத்த சுற்றுக்கு உங்கள் நடுத்துண்டை அனுப்பும்போது அதன் மூலையில் ஒரு தாளைக் குத்தியனுப்ப மறக்காதீர்கள். ஓரத்துக்கு ஓரம் அளவு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு விடப்பட்டிருக்கிறது, துணி துவைத்ததா துவைக்காததா என்ற மூன்று விவரம் அதில் போதும். ஒவ்வொருவரும் தம் பார்டர் முடிந்ததும் நடுவில் அளந்து, புதிய அளவை அதே தாளில் அடுத்த வரியில் எழுதி அனுப்பட்டும்.